மாஸ்டர் உங்ககிட்ட என்ன கேட்டார்?

எங்க காலேஜ் மெயின் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தா வழியில மூணு ஜிம் வரும். மூணுலயும் ஸ்டூடண்ட் ஆஃபர் போர்டு தொங்குது. உள்ளே போய் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டா, பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "மெம்பர்ஷிப் மட்டுமா தம்பி, இல்ல பி.டி.யும் சேர்த்தா?" பி.டி.ன்னா பர்சனல் ட்ரெயினிங். ஸ்கூல்ல நமக்கு இருந்த பி.டி. பீரியட் இல்ல. இது மேத்ஸ் மிஸ் வந்து பிடுங்கிக்க முடியாத பி.டி., ஆனா மெம்பர்ஷிப்பை விட நாலஞ்சு மடங்கு காசு கேக்கும்.

அந்தக் காசைக் கட்டலாமா வேணாமாங்கறது உங்க இஷ்டம். கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டா, யாருகிட்ட கட்டறோம்னு கொஞ்சம் பாருங்க. டாக்டர் தொழில் பண்ண மெடிக்கல் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு. ஜிம் ட்ரெயினருக்கு நம்ம நாட்டுல அப்படிக் கட்டாயமான லைசென்ஸ் எதுவும் கிடையாது. நாளைக்கே நம்ம கிளாஸ்ல நல்லா உடம்பு வெச்சிருக்கிற ஒருத்தர் டி-ஷர்ட் முதுகுல 'ட்ரெயினர்'னு பிரிண்ட் போட்டுக்கிட்டு வந்து நின்னா தடுக்க ஆள் இல்ல. ஆனா அவர் பேச்சை நம்பி பார்பெல்லுக்கு அடியில படுக்கப் போறது நாமதான்.

பெரும்பாலான பசங்க ட்ரெயினரை எடைபோடுறது அவரோட உடம்பை வெச்சு. கை எவ்வளவு இஞ்ச், ஏதாவது 'மிஸ்டர்' பட்டம் ஜெயிச்சிருக்காரா, இன்ஸ்டாகிராம்ல எத்தனை ஃபாலோயர். அவர் உடம்பு நமக்குச் சொல்றது, அவர் தன் உடம்பை என்ன பண்ணார்ங்கறதை மட்டும்தான். அதுல அப்பா அம்மா கொடுத்த எலும்பு இருக்கும், பத்து வருஷ உழைப்பு இருக்கும், சில சமயம் நமக்குத் தெரியாத ஊசியும் இருக்கும். இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கறது வேற வித்தை. கிளாஸ் டாப்பர் எல்லாரும் நல்லா சொல்லித்தர மாட்டாங்கன்னு, இன்டர்னல்ஸுக்கு முந்தின ராத்திரி அவங்க ரூம்ல போய் உக்கார்ந்த எல்லாருக்கும் தெரியும்.

சரி, சர்டிஃபிகேட் பார்க்கலாமா? பாருங்க. ஆனா சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது எல்லாம் ஒண்ணு இல்ல. ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்ல உக்கார்ந்ததுக்கு கொடுத்த பேப்பரும் அங்கதான் தொங்கும். அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ், என்ஏஎஸ்எம் மாதிரி அமைப்புகளோட சர்டிஃபிகேட்டுக்கு முறையா பரீட்சை உண்டு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அதுக்கு மேற்கொண்டு படிச்சதுக்கும் கணக்கு காட்டணும். அதனால சர்டிஃபிகேட் இருக்கான்னு மட்டும் பார்க்காம, அது இன்னும் உயிரோட இருக்கான்னும் தேதியைப் பாருங்க. இந்தியாவுல ஸ்கில் இந்தியா ஏற்பாட்டுக்குள்ள ஸ்போர்ட்ஸ், ஃபிசிக்கல் எஜுகேஷன், ஃபிட்னஸ் அண்ட் லெஷர் ஸ்கில்ஸ் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு. ஃபிட்னஸ் ட்ரெயினர் வேலைக்கு அவங்க பரீட்சை வெச்சு சர்டிஃபிகேட் தர்றாங்க.

நம்ம ஊர்ல இன்னொரு வழியும் இருக்கு, பல பேர் அதைக் கண்டுக்கறதே இல்ல. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லேர்ந்து நடக்குது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005-ல வந்துச்சு. இந்த மாதிரி இடங்கள்ல பி.பி.எட்., எம்.பி.எட். படிச்சவங்க உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் பேப்பரா எழுதிப் பாஸ் பண்ணவங்க. நம்ம காலேஜ் ஃபிசிக்கல் டைரக்டரே பெரும்பாலும் அப்படிப் படிச்சவர்தான். அவர்கிட்ட போய், "சார், இந்த ஏரியால யாருகிட்ட போகலாம்?"னு கேட்டா ஒரு பைசா செலவு இல்ல. ஸ்போர்ட்ஸ் டேக்கு மட்டும் அவரைத் தேடுற பழக்கத்தை நாம விட்டாப் போதும்.

இதுவரைக்கும் சொன்னது காகிதம். காகிதம் சரியா இருந்தும் கவனிக்காத ஆள் உண்டு. காகிதமே இல்லாம நல்லா சொல்லிக்கொடுக்கிற பழைய கால மாஸ்டர்களும் உண்டு. அதனால நான் நம்புற சோதனை வேற. முதல் நாள் அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்ங்கறதை விட்டுடுங்க. என்ன கேட்டார்?

கனடாவுல 1970-கள்ல ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க. பேரு பார்-க்யூ. பழைய வடிவத்துல மொத்தமே ஏழு கேள்விதான். இதயத்துல ஏதாவது பிரச்சினைன்னு டாக்டர் சொல்லியிருக்காரா? உழைக்கும்போது நெஞ்சு வலிக்குதா? சும்மா இருக்கும்போது வலிச்சிருக்கா? தலைசுத்தி விழுந்ததுண்டா? எலும்பு, மூட்டுல ஏதாவது? பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை? வேற காரணம் ஏதாவது? எதுக்காவது 'ஆமா'ன்னா முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வரச் சொல்லணும், அவ்வளவுதான். இப்போ இதைவிட விரிவான வடிவம் புழக்கத்துல இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. இருபது வயசுப் பசங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு தோணும். ஆனா நம்ம கிளாஸ்லயே வீசிங்குக்கு இன்ஹேலர் வெச்சிருக்கிறவங்க, கிரிக்கெட்ல முட்டி பிசகினவங்க, ரத்தம் கம்மின்னு மாத்திரை சாப்பிடறவங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க. இதுல ஒண்ணையும் கேக்காம, "நாளைலேர்ந்து வந்துடு தம்பி, மூணு மாசத்துல ஆளே மாறிடுவே"ன்னு சொல்றவர், உங்களைப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்.

கேள்வி அதோட முடியக் கூடாது. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறீங்க, மெஸ்ஸுல என்ன போடறாங்க, லேப் எந்தெந்த நாள், இதுக்கு முன்னாடி வெயிட் தூக்கின பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஏன்னு சொல்றதுக்கு எங்க ஹாஸ்டல்ல நடந்த ஒண்ணைச் சொல்லணும்.

எங்க ஃப்ளோர்ல ஒரு ஜூனியர். பன்னெண்டாவது முழுக்க கோச்சிங், உடம்பை அசைச்சதே இல்ல. ஜிம்ல சேர்ந்த முதல் நாளே லெக் டே. ஸ்க்வாட், அப்புறம் லஞ்சஸ், அப்புறம் மறுபடியும் ஸ்க்வாட், கால் நடுங்க நடுங்க "இன்னும் பத்து, இன்னும் பத்து"ன்னு கத்தியிருக்கார் ட்ரெயினர். மறுநாள் பையனால மாடிப்படி இறங்க முடியல. எல்லாரும் சிரிச்சோம், லெக் டேன்னா அப்படித்தானேன்னு. அடுத்த நாள் பாத்ரூம்லேர்ந்து வந்தவன், "அண்ணா, யூரின் கோலா கலர்ல போகுது"ன்னான். ஹாஸ்பிடல்ல சேர்த்து நாலு நாள் டிரிப்ஸ். டாக்டர் சொன்ன பேரு ராப்டோமயோலிசிஸ்.

அது என்னன்னா, பழக்கமே இல்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கும்போது தசை செல்கள் உடைஞ்சு, உள்ளே இருக்கிறது ரத்தத்துல கலக்குது. அதுல மயோகுளோபின்னு ஒரு புரதம். அதை வெளியேத்துற வேலை கிட்னிக்கு வருது. அளவு அதிகமானா கிட்னியே பழுதாகலாம். யூரின் அந்த நிறத்துல போறதுக்குக் காரணமும் அதுதான். தசை வலி சகஜம், ஆனா தாங்க முடியாத வலியும் வீக்கமும், கூடவே கருத்த யூரினும் வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கிரிக்கெட் ஆடுற பையனுக்கும் கோச்சிங் சென்டர்லேர்ந்து வந்த பையனுக்கும் முதல் நாள் ஒரே லோடு கொடுக்கக் கூடாதுங்கறது பயிற்சியோட அரிச்சுவடி. மெட்டீரியல்ஸ் லேப்ல ஒரு ஸ்பெசிமனுக்கே லோடை மெதுவா ஏத்துறோம். அந்த ட்ரெயினர் கெட்டவர்னு நான் சொல்லல. முதல் நாளே 'செம வொர்க்அவுட்'னு பையன் ஃபீல் பண்ணாத்தான் பி.டி. எடுப்பான்னு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. பல ஜிம்ல ட்ரெயினருக்கு அடிப்படைச் சம்பளம் கம்மி, பி.டி. ஃபீஸ்ல ஒரு பங்குதான் வருமானம். அந்த நெருக்கடி அவர் தலையில இருக்குங்கறதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது.

அந்த விற்பனையில பெரிய ஆயுதம் ஒரு மெஷின். ஏறி நின்னு கைப்பிடியைப் பிடிச்சா பிரிண்ட்அவுட் வரும். கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை கிலோ, 'மெட்டபாலிக் வயசு' 34. இருபது வயசுப் பையனுக்கு முப்பத்தி நாலுன்னு காட்டினா அவன் அங்கேயே ஜிபே பண்ணிடுவான். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அந்த மெஷின் என்ன அளக்குதுன்னாவது கேக்கலாம் இல்லையா?

அது கொழுப்பை அளக்கல. இம்பீடன்ஸை அளக்குது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான ஏ.சி. கரண்ட்டை, பொதுவா 50 கிலோ ஹெர்ட்ஸ்ல, உடம்புக்குள்ள அனுப்புது. தண்ணி உள்ள திசு நல்லா கடத்தும், கொழுப்பு சரியா கடத்தாது. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சதுதான்: ஒரு கண்டக்டரோட ரெசிஸ்டன்ஸ் நீளத்துக்கு நேர் விகிதம், குறுக்குப் பரப்புக்கு எதிர் விகிதம். உடம்பை ஒரு சிலிண்டர்னு வெச்சுக்கிட்டு, உயரத்தையும் ரெசிஸ்டன்ஸையும் போட்டா உள்ளே இருக்கிற தண்ணியோட கனஅளவு தோராயமா வரும். தண்ணியிலிருந்து கொழுப்பில்லாத எடை. மொத்த எடையில அதைக் கழிச்சா மிச்சம் கொழுப்பு. ஒவ்வொரு படியும் ஒரு ஃபார்முலா, ஒவ்வொரு ஃபார்முலாவும் வேற யாரையோ அளந்து எடுத்த சராசரி. மனுஷன் ஒரே சிலிண்டரும் இல்ல. மெலிஞ்ச கையும் காலும்தான் ரெசிஸ்டன்ஸ்ல பெரும்பங்கு. உடம்பு எடையில பாதி வரைக்கும் இருக்கிற நடுவுடம்பு, மொத்த இம்பீடன்ஸ்ல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். கால் மட்டும் வெக்கிற சாதா மிஷின்னா, கரண்ட் ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்கிடும், மேல இருக்கிறதெல்லாம் யூகம்.

அதனால மெஷின் குப்பைன்னு இல்ல. ஒரே நேரம், ஒரே மெஷின், சாப்பிடறதுக்கு முன்னாடி, வொர்க்அவுட்டுக்கு முன்னாடின்னு மாசம் ஒரு தடவை எடுத்தா ஏறுதா இறங்குதான்னு ஓரளவு தெரியும். நல்ல ட்ரெயினர் இதைச் சொல்லிட்டுத்தான் ஏறச் சொல்வார். முதல் நாள் சாயங்காலம் வேர்க்க விறுவிறுக்க வந்தவனை ஏத்தி நிறுத்தி, நம்பரைக் காட்டி பயமுறுத்துறவர் அளக்கல, விக்கிறார். இடுப்புச் சுத்தளவுக்கு தையல்காரர் டேப்பும், எத்தனை கிலோ எத்தனை ரெப்ஸ்னு எழுதற ஒரு நோட்டும் இதைவிட நேர்மையானவை.

அடுத்தது டப்பா. சேர்ந்த ரெண்டாவது வாரம் புரோட்டீன் பவுடர் பேச்சு வரும், அவர்கிட்டயே வாங்கணும்னும் வரும். கணக்கு நாமே போடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட பரிந்துரை, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். வெயிட் தூக்குறவங்களுக்கு 1.4-லேர்ந்து 2 கிராம் வரைக்கும்னு விளையாட்டு ஊட்டச்சத்துக்காரங்க சொல்றாங்க. 60 கிலோ பையனுக்கு அது 84 முதல் 120 கிராம். ஒரு முட்டையில 6 கிராம். 50 கிராம் சோயா சங்க்ஸ்ல 26 கிராம் பக்கம். சுண்டல், வேர்க்கடலை, பால், தயிர்னு சேர்த்தா மெஸ் சாப்பாட்டோட கீழ் எல்லையைத் தொட முடியும், கொஞ்சம் மெனக்கெடணும், அவ்வளவுதான். அதே கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல கொடுத்த வழிகாட்டுதல்ல, தசை ஏத்தறதுக்காக புரோட்டீன் சப்ளிமெண்ட் வேண்டாம்னே எழுதியிருக்காங்க. அதுக்கப்புறமும் வாங்கறதா இருந்தா, டப்பாவுல எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கா, பில் கிடைக்குமான்னு பாருங்க. லேபிள் இல்லாத டப்பாவுல அளந்து கொடுக்கிறதை எந்தக் காரணத்துக்கும் வாங்காதீங்க. யூனிவர்சிட்டி டீம்ல ஆடறவங்க டபுளா ஜாக்கிரதையா இருக்கணும். டப்பாவுல கலந்திருக்கிறது டோப் டெஸ்ட்ல வந்தா, 'எனக்குத் தெரியாது'ங்கற பதில் செல்லாது.

அவர் தர்ற டயட் சார்ட்டையும் பாருங்க. ஹாஸ்டல் பையனுக்கு ப்ரோக்கோலியும் அவகாடோவும் எழுதியிருந்தா அது ஜெராக்ஸ். எங்க மெஸ்ஸுல பீன்ஸ் பொரியலே வாரத்துல ரெண்டு நாள்தான்.

டப்பாவுக்கு அடுத்த படி ஊசி. இதுல சாய்ஸே கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஸ்டீராய்டுகள் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. வெளியிலிருந்து போட்டா உடம்பு தானா சுரக்கறதைக் குறைச்சுக்கும். விந்தணு குறையும், விதைப்பை சுருங்கும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இதயத்துக்குச் சுமை. இப்போ ஜிம்கள்ல புழங்குற இன்னொண்ணு மெஃபென்டர்மின். ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து கொடுக்கும்போது பிரஷர் இறங்கினா ஏத்தறதுக்குப் போடற ஊசி. 'ஸ்டாமினாவுக்கு'ன்னு அதைப் போட்டுக்கறாங்க. இதுல எதையாவது ஒரு ட்ரெயினர் ஜாடையா சொன்னாக்கூட, கட்டின காசு போனா போகுதுன்னு அன்னைக்கே வெளியே வந்துடுங்க.

என் ப்ராஜெக்ட் டீம்ல இருக்கிற தோழிகிட்ட இந்தக் கட்டுரையைப் பத்திச் சொன்னேன். "நீ எழுதறதெல்லாம் சரி, நாங்க முதல்ல பார்க்கறது வேற"ன்னா. அவ சொன்னதை அப்படியே போடறேன்: ஃபார்ம் திருத்தறதுக்குத் தொடணும்னா முன்னாடியே கேக்கறாரா? வாயால சொல்லியோ, தானே செஞ்சு காட்டியோ திருத்தத் தெரியுமா? 'ப்ராக்ரஸ் போட்டோ'ன்னு சொல்லி அவரோட சொந்த வாட்ஸ்அப்புக்கு படம் அனுப்பச் சொல்றாரா? பீரியட்ஸ் அன்னைக்கு லோடைக் குறைக்கணும்னா சங்கடமில்லாம சொல்ல முடியுதா? 'லேடீஸ் டைம்'னு போர்டு இருந்தா மட்டும் போதாது, அந்த நேரத்துல ஒரு பெண் ட்ரெயினர் ஃப்ளோர்ல இருக்காங்களான்னு நேர்ல போய்ப் பார்க்கணும். இதெல்லாம் பசங்களுக்கும் பொருந்தும்னுதான் எனக்குத் தோணுச்சு. கூச்சத்துல சொல்றதில்ல, அவ்வளவே.

காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய் சும்மா ஓரமா நில்லுங்க. அந்த நேரம்தான் கூட்டம். பி.டி. எடுத்தவர் டெட்லிஃப்ட் தூக்கும்போது ட்ரெயினர் கண்ணு அவர் முதுகுல இருக்கா, மொபைல்ல இருக்கா? அம்பது வயசு அங்கிளுக்கும் செகண்ட் இயர் பையனுக்கும் ஒரே எக்சர்சைஸா? யாராவது "வலிக்குது மாஸ்டர்"னா, "வலிச்சாத்தான் வளரும்"ங்கறாரா, நிறுத்தி எங்கே வலிக்குதுன்னு கேக்கறாரா? அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும்.

அப்புறம் நேரா ரெண்டு கேள்வி. முதலாவது, "சிபிஆர் தெரியுமா மாஸ்டர்?" நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டராவது இறங்குற மாதிரி அழுத்தணும், கூடவே 108-க்கு ஒருத்தர் போன் பண்ணணும். அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் மாதிரி அமைப்பெல்லாம் சிபிஆர் பயிற்சி இல்லாம சர்டிஃபிகேட்டே தர்றதில்ல. ரெண்டாவது, எனக்குப் பிடிச்ச கேள்வி: "கடைசியா யாரை, எதுக்காக டாக்டர்கிட்ட அனுப்பினீங்க?" எங்க ஊர்ல ஒரு சின்ன ஜிம் மாஸ்டர்கிட்ட இதைக் கேட்டேன். ஏசி கிடையாது, துருப்பிடிச்ச டம்பெல், மூலையில ரெண்டு கர்லாக்கட்டை. யோசிக்காமலே சொன்னார்: ஒரு பையனுக்கு தோள்பட்டை வலி, ரெண்டு வாரம் ஷோல்டரே வேண்டாம்னு நிறுத்திப் பார்த்தாராம், குறையல, எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாராம், "அது நமக்குத் தெரிஞ்ச வேலை இல்ல தம்பி." இதே கேள்விக்கு காலேஜ் பக்கத்துல ஒரு ஏசி ஜிம்ல கிடைச்ச பதில், "நம்மகிட்ட வந்தா டாக்டரே தேவையில்ல ப்ரோ."

காசு விஷயம் சுருக்கமா. வருஷ ஆஃபர்ல விழாதீங்க. நமக்கு ரெண்டு செமஸ்டர் லீவு, ஸ்டடி ஹாலிடேஸ், இன்டர்ன்ஷிப் இருக்கு. மாசா மாசம் கட்டுங்க. எத்தனை செஷன், எந்த ட்ரெயினர், அவர் வேலையை விட்டுப் போனா என்ன, லீவுக்கு நிறுத்தி வெக்கலாமா, இந்த நாலையும் ரசீதுலயே எழுதி வாங்குங்க. ஏமாத்தினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டுக்கும் ரசீது கையில இருந்தாத்தான் வேலை சுலபம்.

எத்தனை மாசத்துக்கு பி.டி. எடுக்கறதுன்னு கேட்டா, ஸ்க்வாட், டெட்லிஃப்ட், ப்ரெஸ், ரோ, இந்த நாலையும் தப்பில்லாம செய்யவும், வாரா வாரம் எவ்வளவு ஏத்தணும்னு நீங்களே முடிவு பண்ணவும் தெரியற வரைக்கும். ஒழுங்கா போறவங்களுக்கு மூணு மாசம் போதும்னு நினைக்கிறேன். சேரும்போதே மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, "மூணு மாசத்துல நான் தனியா பண்ணணும், அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுங்க"ன்னு. அவர் முகம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு ஜிபே-யைத் திறங்க.